பிட்யூட்டரிக் கட்டிக்கு மூக்கு வழி அறுவை: செங்கோட்டையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

செங்கோட்டையிலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. 54 வயதான அவருடைய அம்மாவுக்கு ஓராண்டாகப் பார்வை மங்கி வந்திருக்கிறது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை, நிலைக்கதவில் தோள் இடிக்கிறது என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள், பிட்யூட்டரி சுரப்பியில் 28 மி.மீ. அளவுக்குக் கட்டி இருப்பது தெரிந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் பார்த்த மருத்துவர் எண்டோஸ்கோப் (வெளிச்சத்தோடு உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவி) வைத்து மூக்கு வழியாக எடுத்துவிடலாம் என்கிறார். சித்தப்பாவோ, மண்டையைத் திறந்து வேரோடு எடுத்தால்தான் திரும்ப வராது, மூக்கு வழியாகப் போனால் பாதிதான் வரும் என்கிறார். யார் சொல்வது சரி, என்ன ஆபத்து, வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதே கேள்வி.

மலைக்கு இந்தப் பக்கம் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையிலும், இத்தகைய அறுவைகளில் மூக்குப் பகுதியைக் கையாண்டவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். மூக்கு வழியா, மண்டை வழியா என்பதை உறவினர்களின் துணிச்சலோ மருத்துவரின் விருப்பமோ தீர்மானிப்பதில்லை. கட்டிக்கும் நரம்புகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நடுவே எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. நரம்பைத் தாண்டிப் போக வேண்டிய பாதையைத் தவிர்த்து, கட்டியை முதலில் சந்திக்கும் பாதையைத் தேர்ந்தெடுப்பதே இதில் உள்ள அடிப்படை விதி.

பிட்யூட்டரி என்பது பல ஹார்மோன்களைச் சுரக்கும், ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள சுரப்பி. அது மண்டையோட்டின் அடித்தளத்தில் ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. குழிக்கு நேர் கீழேயும் முன்னேயும் ஸ்பீனாய்டு சைனஸ் என்ற காற்றறை. அந்த அறையின் வாசல் மூக்கின் பின்கோடியில் திறக்கிறது. குழியின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் ஏறுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள சிரைக்குகையில் (சிரை இரத்தம் நிறைந்த அறையில்) கண்ணை அசைக்கும் நரம்புகள் ஓடுகின்றன. குழிக்கு மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கின்றன. கட்டி வளர்ந்து மேலெழும்போது முதலில் அழுத்தப்படுவது இந்தச் சந்திப்பின் நடுவில் உள்ள இழைகள். அவைதான் இரு கண்களுக்கும் வெளிப்பக்கக் காட்சியைக் கொண்டுவருகின்றன. அதனால்தான் உங்கள் அம்மாவுக்கு எதிரில் இருக்கும் முகம் தெரிகிறது, பக்கத்தில் வரும் ஆட்டோ தெரிவதில்லை. கண்ணாடியின் பவரை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் குறை தீராது.

இப்போது இரண்டு பாதைகளையும் பாருங்கள். மண்டையைத் திறந்து மேலிருந்து போனால், மூளையைச் சற்று ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு பார்வை நரம்புகளுக்கும் கரோட்டிடுக்கும் இடையே உள்ள குறுகிய சந்துகள் வழியாகக் கருவியை நுழைத்துக் கட்டியைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஏற்கெனவே நசுங்கிய நரம்புதான் அங்கே முதலில் எதிர்ப்படும். கீழிருந்து போனால் நாசித் துளையிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. தொலைவில் குழியின் அடி எலும்பு வந்துவிடும். அதைத் திறந்தால் முதலில் தென்படுவது கட்டிதான். உள்ளே இருப்பது காலியாகக் காலியாக, மேலே தள்ளப்பட்டிருந்த நரம்பும் சவ்வும் தாமாகவே கீழிறங்கி வரும். மூளையைத் தொட வேண்டிய தேவையே இல்லை. விளம்பரங்களில் முதலிடம் பெறுவது முகத்தில் தழும்பு விழாது என்ற செய்திதான். என் பார்வையில் அது இந்த முறையின் மிகச் சிறிய நன்மை.

இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907இல் மூக்குப் பகுதி வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தார்; 1910இல் வியன்னாவின் மூக்கு மருத்துவர் ஆஸ்கர் ஹிர்ஷ் முகத்தை வெட்டாமல் நாசித் துளை வழியாகவே போனார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு மேலுதட்டின் அடியிலிருந்து இந்தப் பாதையில் அறுவை செய்தார். ஆன்டிபயாடிக் இல்லாத அந்தக் காலத்தில் இறப்பு 5.6 சதவீதம் மட்டுமே. ஆனாலும் ஆழத்தில் வெளிச்சம் போதவில்லை என்பதும், மேலே நீண்ட கட்டியைப் பார்க்க முடியவில்லை என்பதும் முக்கியக் குறைகளாக இருந்தன. பின்னாளில் அவரே மண்டை வழிக்கு மாறினார், உலகமும் அவர் பின்னால் போனது. எடின்பரோவில் நார்மன் டாட், அவரிடம் பார்த்துக் கற்ற பாரிஸின் ஜெரார் கியோ என்று ஓரிருவர் மட்டுமே பாதையை மறக்காமல் காத்தார்கள். 1960களில் மான்ட்ரியாலின் ஜூல் ஹார்டி அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்ததும் மூக்கு வழி மீண்டும் உயிர்பெற்றது. பிரிட்டனின் ஹெரால்டு ஹாப்கின்ஸ் 1959இல் வகுத்த கண்ணாடித் தண்டு லென்ஸ் அமைப்பு எண்டோஸ்கோப்பைத் தெளிவாக்கியது. பிட்ஸ்பர்கின் ஜோவும் கராவும் எண்டோஸ்கோப்பை மட்டுமே வைத்து 50 நோயாளிகளுக்குச் செய்ததை 1997இல் வெளியிட்ட பிறகு இது உலகெங்கும் பரவியது. சித்தப்பா சொல்வது குஷிங்கின் பிற்காலத்துக்குப் பொருந்தும் வாதம். வெளிச்சக் குறையும் மேலே எட்டாத குறையும் பெருமளவு நீங்கிவிட்டன.

அறுவை அரங்கில் நடப்பது பொதுவாக இப்படி இருக்கும். முழு மயக்கம் கொடுத்த பிறகு, மூக்கினுள் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தில் நனைத்த பஞ்சுப் பட்டைகளை வைத்துச் சற்று நேரம் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு இரத்தக் கசிவை வெகுவாகக் குறைக்கும். 4 மி.மீ. தடிமனும் 18 செ.மீ. நீளமும் கொண்ட எண்டோஸ்கோப் ஒரு துளையில் நுழையும்; இரு துளைகளையும் பயன்படுத்தி இருவர் வேலை செய்வார்கள். காது மூக்கு தொண்டை அறுவையாளர் கேமராவைப் பிடித்திருக்க, நரம்பியல் அறுவையாளர் இரு கைகளாலும் கட்டியைக் கையாளுவார். நடுச்சுவரின் பின்பகுதியில் சிறிது எலும்பை எடுத்து, ஸ்பீனாய்டின் முன்சுவரைத் திறந்து உள்ளே போனதும், அந்தக் காற்றறைக்குள் மெல்லிய எலும்புத் தடுப்புகள் தெரியும். அவற்றில் சில நேராகக் கரோட்டிடை மூடியிருக்கும் எலும்பில் போய் முடியும். அதைத் திருகி ஒடித்தால் தமனியே கிழியக்கூடும். எனவேதான் அவற்றை ஒடிக்காமல் நுண் டிரில்லால் தேய்த்து எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. இருக்கும்போது எதற்காக மறுபடியும் சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். இந்தத் தடுப்புகளின் போக்கு சி.டி.யில்தான் தெளிவாகத் தெரியும்.

கட்டி பெரும்பாலும் மென்மையாக இருக்கும். வளைந்த சிறு கரண்டிகளாலும் உறிஞ்சு குழாயாலும் எடுத்துவிடலாம். எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறார்கள் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் அடியையும் பக்கங்களையும் காலி செய்து, மேற்பகுதியைக் கடைசியாக எடுப்பார்கள். மேல் நடுவை முதலில் எடுத்துவிட்டால் மேலுள்ள சவ்வு சீக்கிரமே தொங்கி இறங்கி, பக்க மூலைகளில் மிஞ்சிய கட்டியை மறைத்துவிடும். பிறகு 30 பாகை அல்லது 45 பாகை சாய்ந்து பார்க்கும் எண்டோஸ்கோப்பை நுழைத்து மூலைகளைச் சோதிப்பார்கள்.

பாதிதான் வருமா என்பதற்கு நேர்மையான பதில்: சிலருக்குச் சிறிதளவு மிஞ்சும். கட்டி சிரைக்குகைக்குள் புகுந்து கரோட்டிடைச் சுற்றிக்கொண்டிருந்தால், அந்தத் துண்டை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். மண்டையைத் திறந்தாலும் அந்த இடத்தில் அதே நிலைதான். அங்கே துணிந்து கை வைத்தால் கண் அசைவும் உயிரும் பணயமாகும். மிஞ்சியதை எம்.ஆர்.ஐ.யில் கண்காணிக்கலாம், வளர்ந்தால் குவியக் கதிர்வீச்சு தரலாம். இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்பவை என்பதால் இந்தப் பொறுமைக்கு இடமிருக்கிறது. வேர் என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வது இதற்கு இல்லை. உள்ளது எட்டும் பகுதியும் எட்டாத பகுதியும்தான்.

அதே சமயம் மூக்கு வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டி பார்வை நரம்புக்கும் கரோட்டிடுக்கும் வெளிப்புறமாகப் பரவியிருந்தாலும், மூளையின் பெரிய தமனிகளைச் சுற்றி இறுகியிருந்தாலும் மண்டை வழியே நல்லது. சிலருக்கு இரண்டும் தேவைப்படும். மூக்கு வழியில் நடுக்கோட்டை ஒட்டிய கட்டிகளுக்கே முதலுரிமை: பிட்யூட்டரிக் கட்டி, பிட்யூட்டரித் தண்டை ஒட்டி எழும் சில கிரேனியோஃபரிஞ்சியோமா, மண்டையடி எலும்பிலிருந்து எழும் கார்டோமா, பார்வை நரம்புகளின் அடியிலிருந்து எழும் சில மெனிஞ்சியோமாக்கள் (மூளையுறைக் கட்டிகள்).

கத்தியைப் பற்றி யோசிக்கும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்: பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின். கட்டி புரோலாக்டினைச் சுரக்கும் வகையாக இருந்தால் கேபர்கோலின் மாத்திரையே முதல் சிகிச்சை. பெரிய கட்டிகள்கூட மாத்திரையில் சுருங்குவதையும் பார்வை திரும்புவதையும் பார்க்கிறோம். மிகப் பெரிய கட்டியில் புரோலாக்டின் அளவுக்கு மீறி இருக்கும்போது ஆய்வுக்கூடக் கருவி ஏமாந்து குறைவாகக் காட்டுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் இரத்த மாதிரியை நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். இதோடு கார்ட்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்), தைராய்டு அளவுகளும் பார்க்கப்பட்டிருக்கும். கார்ட்டிசால் குறைவாக இருப்பது தெரியாமல் மயக்கம் கொடுப்பது ஆபத்து.

அம்மா மூக்குத்தி போட்டிருந்தால் எம்.ஆர்.ஐ.க்கும் அறுவைக்கும் கழற்ற வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். நாற்பது ஆண்டு கழற்றாத எட்டுக்கல் பேசரியை அறுவை அரங்கின் வாசலில் கழற்றச் சொன்னால் பாதித் தைரியம் அங்கேயே போய்விடும். ஊர் ஆசாரியிடம் நிதானமாகக் கழற்றிக்கொண்டு போவது மேல்.

ஆபத்துகளில் மிகக் கொடியது கரோட்டிட் கிழிவது. பிட்யூட்டரி அறுவைகளில் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தமனி எங்கே இருக்கிறது என்று ஒலியால் காட்டும் நுண் டோப்ளரும், சி.டி. படத்தோடு கருவி முனையைப் பொருத்திக் காட்டும் நேவிகேஷனும் அதை இன்னும் குறைக்கின்றன. அடிக்கடி சந்திப்பது வேறொன்று: மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் மூக்கு வழியாகக் கசிவது. மூக்கு கிருமிகள் வாழும் இடம். அங்கிருந்து மூளையுறைக்கு ஒரு துவாரம் திறந்தே இருந்தால் மூளையுறைக் காய்ச்சல் வரும். பெரிய கட்டிகளைக் கீழிருந்து எடுக்கத் தொடங்கிய ஆண்டுகளில் இந்தக் கசிவுதான் முறையின் பெயரைக் கெடுத்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹதாத், பசகஸ்தேகி இருவரின் பெயரால் வழங்கும் மடிப்பு 2006இல் விரிவாக வெளியான பிறகு நிலைமை மாறியது. மூக்கின் நடுச்சுவரை மூடியிருக்கும் சவ்வை, காம்போடு இருக்கும் வெற்றிலைபோலத் தன் இரத்தக் குழாய் அறுபடாமல் உரித்து, பின்னால் திருப்பித் துவாரத்தின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். இரத்த ஓட்டம் உள்ள சவ்வு என்பதால் சில நாட்களிலேயே பற்றிக்கொள்கிறது.

எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எப்படித் திறப்பீர்கள் என்பதைவிட, எப்படி மூடுவீர்கள் என்பதே. கசிவு இல்லாவிட்டால் எளிய மூடலே போதும், மடிப்பு தேவைப்படாது. கசிவு இருந்தால் தொடையிலிருந்து சவ்வோ வயிற்றிலிருந்து கொழுப்போ எடுத்து வைப்பார்கள். மூக்கில் ஆபரேஷன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்த அம்மாவின் தொடையில் கட்டைப் பார்த்துச் சண்டைக்குப் போன குடும்பங்களை நான் அறிவேன். அது தவறல்ல, ஏற்பாட்டின் ஒரு பகுதி. முன்பே சொல்லாதது மட்டும்தான் தவறு. அந்தக் குழுவில் மூக்கு அறுவையாளரும் நரம்பியல் அறுவையாளரும் சேர்ந்து வழக்கமாகச் செய்கிறார்களா, ஹார்மோன் மருத்துவர் உடன் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவ நிறுவனமான ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. நம் பக்கத்தவர்கள் போகும் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை. மாநில எல்லை தாண்டும்போது தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா என்பதைச் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின் வரும் இரண்டு வாரங்களில் குடும்பத்தின் பங்கு பெரிது. முதல் ஓரிரு நாட்களில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்து, அம்மாவுக்குத் தாகமும் தண்ணீர் போன்ற வெளிறிய சிறுநீரும் மிகுதியாகப் போகலாம். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதச் சொல்வார்கள். தேவையானால் அந்த ஹார்மோனுக்கு மாற்றாக டெஸ்மோபிரெசின் தருவார்கள். பெரும்பாலோருக்கு இது தானாகச் சரியாகும். இதற்கு நேர்மாறான தொல்லை ஏறத்தாழ நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு வருகிறது: உடல் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, இரத்தத்தில் சோடியம் குறைகிறது. தலைவலி, குமட்டல், அசதி, பேச்சில் தடுமாற்றம், கடைசியில் வலிப்பு. ஆபரேஷன் ஆன உடம்பு, அதனால் அசதி என்று நினைத்து இளநீரையும் கஞ்சித் தண்ணீரையும் ஊட்டுவது நம் வழக்கம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. அந்த நேரத்தில் அதிகப்படியான நீராகாரம் நிலைமையை மோசமாக்கும். மருத்துவமனை சொன்ன நாளில் தென்காசியிலேயே சோடியம் பரிசோதனை செய்து முடிவை அவர்களுக்குத் தெரிவியுங்கள். 135 முதல் 145 வரை இயல்பு.

மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மலச்சிக்கல் வந்து முக்கக் கூடாது. இளக்கும் மருந்தை வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். குடம் தூக்குவதும், குனிந்து வாசல் பெருக்கிக் கோலம் போடுவதும் மருத்துவர் அனுமதிக்கும் வரை வேறொருவர் வேலை. பொடி போடும் பழக்கம் இருந்தால் அதோடு முடிய வேண்டும். எல்லைக்கு அப்பால் ஆயுர்வேத நிலையங்களில் நசியம் என்று மூக்கில் எண்ணெய் விடும் சிகிச்சை உண்டு. சவ்வு முழுமையாக ஆறிவிட்டது என்று எண்டோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் வரை அதைச் செய்யக் கூடாது. சாரல் காலமாக இருந்தால் குற்றாலத்து அருவியில் தலையைக் காட்டுவதும் அப்படியே. அவர்கள் சொல்லும் நாளிலிருந்து உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது மட்டும் விடக் கூடாத வேலை; காய்ந்த பொருக்கு சேராமல் காப்பது அதுதான். வாசனை சில வாரங்கள் மந்தமாக இருக்கும்; நடுச்சுவரின் மேற்பகுதியைத் தொடாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் திரும்பும்.

குனியும்போது மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், தொண்டைக்குள் உப்புக் கரிக்கும் நீர் இறங்கினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், பார்வை திடீரென மங்கினால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். சளியா மூளை நீரா என்ற சந்தேகத்தைப் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை தீர்க்கும். கார்ட்டிசாலுக்கு மாற்றாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தந்திருந்தால் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதையும், எவ்வளவு என்பதையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டிருக்கிறீர்கள். நரம்பு எவ்வளவு காலம் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது அது. அழுத்தம் நீங்கிய சில நாட்களிலேயே பலருக்குத் தெளிவு தெரியத் தொடங்கி, மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். நரம்பு ஏற்கெனவே வெளுத்துச் சுருங்கியிருந்தால் இழந்த பகுதி முழுதும் வராது. அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் பார்வைப் புல வரைபடமும் விழித்திரை நரம்பிழைத் தடிமன் ஸ்கேனும் எடுத்து வைத்தால் எதிர்பார்ப்பை ஓரளவு கணிக்கலாம். சித்தப்பாவின் தயக்கத்தால் மாதங்கள் கடத்துவதுதான் உண்மையில் அம்மாவுக்கு இழப்பு.

திரும்பி வரும் பயணம் கடைசி விஷயம். தென்மலை, குளத்துப்புழை வழியாக நெடுமங்காடு சாலை குறுகியதுதான், ஆனால் வளைவுகள் மிகுதி. மலைப்பாதையில் அம்மாவுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால், குமட்டலின் முக்கல் புதிதாக ஒட்டிய சவ்வை அசைக்கக்கூடும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரிடமே கேட்டுப் புறப்படும் முன் கொடுங்கள். அல்லது தொலைவு ஏறத்தாழ இரண்டு மடங்கானாலும் நாகர்கோவில், திருநெல்வேலி வழியாகச் சமதளத்தில் வாருங்கள். முதல் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் மூன்று மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் வைத்த கொழுப்பும் இரத்தக் கட்டும் மிஞ்சிய கட்டிபோலத் தோன்றி வீண் குழப்பம் தரும்.